எதிலிருந்து உயரம்? மாணவ விமானிகளுக்கு உயரமானியை அமைக்கும் முறை

தமிழில் மலைக்கும் மரத்துக்கும் பறக்கும் விமானத்துக்கும் 'உயரம்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். பேச்சுவழக்கில் அது போதும். விமானி அறையில் போதாது. அங்கே நமக்குக் கீழே உள்ள தரையிலிருந்தோ ஓடுபாதையிலிருந்தோ அளக்கும் உயரம் 'ஹைட்' என்றும், சராசரிக் கடல்மட்டத்திலிருந்து விமானம் இருக்கும் உயரம் 'ஆல்டிட்யூட்' என்றும், கடல்மட்டத்திலிருந்து ஒரு தரைப்புள்ளியின் உயரம் 'எலிவேஷன்' என்றும், 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற அழுத்தத் தளத்திலிருந்து கணக்கிடும் உயரம் 'ஃப்ளைட் லெவல்' என்றும் நான்காகப் பிரிந்து நிற்கும். ஆகவே தமிழில் சிந்திக்கும் மாணவர் ஒவ்வொரு முறை உயரமானியைப் பார்க்கும்போதும் 'எதிலிருந்து?' என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் செயல்முறைகளும் அந்தக் கேள்விக்கான விடைகள்தான்.

முதலில் காற்றின் எடையைப் பார்ப்போம். இலவம்பஞ்சு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை அடுக்கினால், அடியில் உள்ள மெத்தை நசுங்கித் தட்டையாகவும் உச்சியில் உள்ளது உப்பலாகவும் இருக்கும். வளிமண்டலமும் அப்படித்தான். கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காற்று அமர்ந்திருக்கிறது. நசுங்கிய அடுக்கில் சிறிது மேலே ஏறினாலே அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு குறையும். கடல்மட்டத்துக்கு அருகே 27 அல்லது 28 அடி ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும் 18,000 அடி மட்டத்திலோ, அதே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய ஏறத்தாழ 50 அடி ஏற வேண்டும். பயிற்சி விமானம் பறக்கும் தாழ்ந்த உயரங்களுக்கு 'ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 30 அடி' என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு எளிதாகும். மில்லிபாரும் ஹெக்டோபாஸ்கலும் ஒன்றே என்பதால் பழைய நூல்களில் மில்லிபார் என்று கண்டால் குழம்ப வேண்டியதில்லை.

உயரமானி உண்மையில் ஒரு அழுத்தமானிதான். அதன் உள்ளே காற்று நீக்கி மூடிய மெல்லிய உலோகச் சிமிழ்கள் இருக்கின்றன. விமானத்தின் பக்கவாட்டில் உள்ள ஸ்டேடிக் போர்ட் என்ற சிறு துளை வழியாக வெளிக்காற்றின் அழுத்தம் அவற்றைச் சூழ்கிறது. மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து சிமிழ்கள் விரிகின்றன. அந்த விரிவைப் பற்சக்கரங்கள் முள்ளுக்குக் கடத்துகின்றன. அழுத்தத்தை அடியாக மாற்றுவதற்குக் கருவி கையாளும் அட்டவணை சர்வதேசத் தர வளிமண்டலம் என்ற கற்பனைக் காற்றினுடையது. அதில் கடல்மட்ட அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ், ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குறைவு. இந்தக் காற்று பூமியில் எந்த ஊரிலும் நாள் முழுக்க வீசுவதில்லை. ஆகவே இன்றைய அழுத்தம் எவ்வளவு என்பதை நாம்தான் கருவிக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் இடம் முகப்பில் உள்ள சிறு சாளரம். சொல்லும் வழி அதன் கீழே உள்ள குமிழ். அந்தச் சாளரத்தைக் கோல்ஸ்மன் சாளரம் என்பார்கள். பால் கோல்ஸ்மன் வடிவமைத்த நுட்பமான உயரமானியை நம்பித்தான் 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் கொண்டு விமானத்தை ஏற்றிப் பறந்து இறக்கினார்.

குமிழைத் திருப்பும்போது ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: எண் ஏறினால் முள்ளும் ஏறும். சாளரத்தில் 1008 இருந்ததை 1010 ஆக்கினால், விமானம் நகராமலேயே முள் ஏறத்தாழ 60 அடி உயரும். தேர்வில் வரும் உயரமானிக் கணக்குகளில் பாதி இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும். அதைவிட முக்கியமானது, பறக்கும்போது பிழையின் திசையை இதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். உள்ளதைவிடப் பெரிய எண்ணை வைத்திருந்தால் முள் மிகைப்படக் காட்டும். அப்படியானால் விமானம் நீங்கள் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது.

சாளரத்தில் வைக்கக்கூடிய எண்கள் மூன்று வகை. முதலாவது க்யூஎன்எச். நிலையத்தின் அழுத்தத்தைத் தர வளிமண்டலக் கணக்கின்படி கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்த மதிப்பு அது. அதை வைத்தால் உயரமானி கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டும், தரையில் நிற்கும்போது நிலையத்தின் எலிவேஷனைக் காட்டும். இரண்டாவது க்யூஎஃப்இ, அதாவது நிலையத்தின் மட்டத்திலேயே உள்ள அழுத்தம், அதை வைத்தால் ஓடுபாதையில் முள் பூஜ்யத்தில் நிற்கும். மூன்றாவது 1013 என்ற நிலையான எண். அதை வைத்தால் ஃப்ளைட் லெவல் கிடைக்கும். இந்த மூன்றெழுத்துக் குறிகள் கம்பியற்ற தந்திக் காலத்துச் சங்கேதங்களின் மிச்சம்; எழுத்துகளுக்கு விரிவு கற்பிக்கும் நினைவுச் சொற்றொடர்கள் எல்லாம் பின்னால் வந்தவை, பயன்பட்டால் வைத்துக்கொள்ளலாம்.

க்யூஎஃப்இ முதல் பார்வைக்கு எளிமையாகத் தோன்றும். ஆனால் கோயம்புத்தூர் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 அடி உயரத்தில் இருக்கிறது. க்யூஎன்எச் 1010 ஆக இருக்கும் நாளில் அதன் க்யூஎஃப்இ 964 பக்கம் வரும். 10,600 அடிக்கு மேல் உள்ள லடாக்கின் லே நிலையத்திலோ, க்யூஎஃப்இக்குத் தேவையான எண் பல உயரமானிகளின் சாளரத்திலேயே கிடையாது. மேலும் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் மலையுச்சி, கோபுரம், மின்கம்பம் எல்லாம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்பட்டவை. அவற்றோடு ஒப்பிட வேண்டுமானால் முள்ளும் கடல்மட்டத்திலிருந்தே பேச வேண்டும். ஆகவே க்யூஎன்எச்சிலேயே பழகிக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. கோயம்புத்தூரில் ஆயிரம் அடி சர்க்யூட் (ஓடுபாதையைச் சுற்றிவரும் பறப்பு வட்டம்) என்றால் முள்ளில் 2,300 இருக்க வேண்டும் என்று கூட்டிப் பார்க்கும் சிறு சிரமம் பின்னால் பெரிய குழப்பங்களைத் தவிர்க்கும்.

இனி தரையில் செய்ய வேண்டியது. எஞ்சினை இயக்குவதற்கு முன்பாகவோ, இயக்கிய பின் நகரத் தொடங்குவதற்கு முன்பாகவோ, மெட்டார் என்ற நிலைய வானிலை அறிக்கையிலிருந்தோ ஏடிஐஎஸ் என்ற தானியங்கித் தகவல் ஒலிபரப்பிலிருந்தோ டவர் எனப்படும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடமிருந்தோ க்யூஎன்எச்சைப் பெற்றுக் காலில் கட்டிய குறிப்பேட்டில் எழுதுங்கள். இந்திய மெட்டாரில் க்யூ என்ற எழுத்தோடு நான்கு இலக்கமாக அது வரும். தசமப் பகுதியை எப்போதும் கீழ்நோக்கியே முழு எண்ணாக்குவார்கள், 1008.7 இருந்தால் அறிக்கையில் 1008 என்றுதான் வரும். இதற்குக் காரணம் உண்டு: சிறிய எண்ணை வைத்தால் முள் சற்றுக் குறைத்துக் காட்டும், விமானம் சற்று மேலே இருக்கும், பிழை பாதுகாப்பான பக்கம் விழும்.

எண்ணைச் சாளரத்தில் வைத்தபின் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் விரல் நுனியால் இரண்டு முறை மெல்லத் தட்டுங்கள். பற்சக்கரங்களின் உராய்வால் சற்றே தயங்கி நிற்கும் முள் அப்போது துள்ளித் தன் இடத்துக்கு வரும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அதிர்வே இதைச் செய்துவிடும். பிறகு முள் காட்டுவதை நீங்கள் நிற்கும் ஏப்ரனின் (விமானம் நிறுத்தும் தளத்தின்) எலிவேஷனோடு ஒப்பிடுங்கள். பயிற்சி விமானங்களில் உள்ளதுபோல 30,000 அடி வரை சோதிக்கப்பட்ட உயரமானிக்குச் சர்வதேச நடைமுறை அனுமதிக்கும் வேறுபாடு கூடுதலாகவோ குறைவாகவோ 60 அடி. அதற்கு மேல் போனால் குமிழைத் திருப்பி முள்ளைச் 'சரி' செய்துவிட்டுப் புறப்படும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. கருவியின் பழுதைச் சாளரத்து எண்ணுக்குள் ஒளித்து வைத்தால், மறு நிலையத்தின் எண்ணை வைக்கும்போது அந்தப் பழுது அப்படியே திரும்ப வரும். விமானத்தைப் பொறியாளரிடம் ஒப்படைப்பதே முறை.

தென்னிந்தியாவில் கற்கும் மாணவருக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது: இங்கே அழுத்தம் அதிகம் மாறுவதில்லை. சென்னையில் ஜனவரியில் 1013, 1014 பக்கமும் ஜூன், ஜூலையில் 1003, 1004 பக்கமும் இருக்கும். புயல் வந்தால் ஒழிய ஒரு வாரத்துக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இராது. ஆகவே நேற்றைய எண்ணே இன்றும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, முதல் நாள் வைத்ததை யாரும் தொடாமலேயே முள் ஓரளவு ஒத்துப்போகிறது, கை மெல்லச் சோம்பிவிடுகிறது. நம் கண்ணில் படாத ஒரு மாற்றம் மட்டும் ஒவ்வொரு நாளும் நிகழ்கிறது. வெப்பமண்டலத்தில் அழுத்தம் கடல் அலைபோல நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணி, இரவு பத்து மணி அளவில் உச்சம், அதிகாலை நான்கு, மாலை நான்கு அளவில் தாழ்வு. காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையே நம் பகுதியில் 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருக்கும். காலை பத்து மணிக்கு 1011 வைத்துப் புறப்பட்டு, இடையில் ஓரிடத்தில் இறங்கி, மாலை நான்கு மணிக்கு எண்ணை மாற்றாமலேயே திரும்பி வரும் மாணவர், உண்மையில் 1007 இருக்கும் ஊரில் முள் ஆயிரத்தைக் காட்ட 880 அடியில்தான் பறந்துகொண்டிருப்பார். வானம் தெளிவாக இருக்கும், பருவமாற்றம் எதுவும் இராது. இருந்தும் 120 அடி காணாமல் போயிருக்கும்.

பறக்கும்போது நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முள்ளை 3,000 அடியில் அசையாமல் பிடித்துக்கொண்டு பறக்கும் விமானி உண்மையில் 3,000 அடியில் பறக்கவில்லை. ஒரே அழுத்தமுள்ள ஒரு தளத்தின் மீது ஊர்ந்து செல்கிறார். அழுத்தம் குறைந்த பகுதியை நோக்கிப் போனால் அந்தத் தளமே தரையை நோக்கிச் சரிகிறது, விமானமும் அதோடு சரிகிறது, முள் மட்டும் அசையாமல் 3,000 என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின் மையத்தில் அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது. யாரும் அங்கே பறக்கப் போவதில்லை. ஆனால் 1013 வைத்த உயரமானி அந்த மையத்தில் 3,000 அடிக்கு ஏறத்தாழ பொய் சொல்லியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் விஷயத்தின் அளவு புரியும். இந்தச் சரிவை வானத்திலேயே உணர ஒரு வழி உண்டு. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்பக்கம் இருக்கும். ஆகவே விமானம் தொடர்ந்து வலப்புறம் ஒதுக்கப்பட்டால், அதாவது காற்று இடப்புறமிருந்து வந்தால், நீங்கள் தாழ்வழுத்தத்தை நோக்கிப் போகிறீர்கள். புதிய க்யூஎன்எச்சைக் கேளுங்கள். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த விதி தளர்ந்துவிடும் என்பதையும் தென்கோடியில் பறப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஊர் ஊராக எண்ணை மாற்றிக்கொண்டிருப்பது நடவாத காரியம். அங்கே தரையைவிட மற்ற விமானங்களிடமிருந்து விலகியிருப்பதே முக்கியம் என்பதால், எல்லோரும் 1013 என்ற ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஏறும்போது டிரான்சிஷன் ஆல்டிட்யூடைக் கடக்கையில் 1013க்கு மாற வேண்டும்; இறங்கும்போது டிரான்சிஷன் லெவலைக் கடக்கையில் க்யூஎன்எச்சுக்குத் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் இந்த எல்லை நாடு முழுவதும் 18,000 அடி. இந்தியாவில் நிலையத்துக்கு நிலையம் வேறுபடும் என்பதால் அந்தந்த நிலையத்தின் வரைபடத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். டிரான்சிஷன் லெவல் மட்டும் ஏன் க்யூஎன்எச்சோடு சேர்ந்து மாறுகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். எல்லை 4,000 அடி என்றும் க்யூஎன்எச் 1003 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைட் லெவல் 40இல், அதாவது 1013 வைத்த முள்ளில் 4,000 அடியில், பறப்பவர் அன்று கடல்மட்டத்திலிருந்து 3,700 அடியில்தான் இருப்பார். அதாவது க்யூஎன்எச் வைத்து 4,000 அடியில் பறப்பவருக்கு 300 அடி கீழே. ஃப்ளைட் லெவல் 45 கூட 4,200 அடிதான். ஆகவே அழுத்தம் குறைந்த நாளில் லெவலை மேலே தள்ளாவிட்டால் இடைவெளி போதாமல் போய்விடும்.

வாய்மொழியாக வரும் எண்ணில் நிகழும் பிழைதான் எல்லாவற்றிலும் கொடியது. 2022 மே 23 அன்று பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் மழைக்கிடையே இறங்கிக்கொண்டிருந்த ஓர் ஏர்பஸ் ஏ320 விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று சொல்லிவிட்டார். விமானிகளும் அதையே திருப்பிச் சொல்லி அதையே வைத்தார்கள். பத்து ஹெக்டோபாஸ்கல், ஏறத்தாழ 280 அடி. அவர்கள் இறங்கிய முறை அழுத்த உயரமானியையே செங்குத்து வழிகாட்டியாகக் கொண்டது என்பதால், திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்க விமானம் முழுப் பாதையிலும் 280 அடி தாழ்வாக வந்தது. ஓடுபாதை தெரியாததால் மேலே திரும்பியபோது தரைக்கு ரேடியோ அலை அனுப்பி உயரம் அளக்கும் ரேடியோ உயரமானியில் பதிவான மிகக் குறைந்த உயரம் தரையிலிருந்து 6 அடி என்று பிரெஞ்சு விசாரணை அமைப்பு பதிவு செய்தது. யாருக்கும் காயமில்லை. திருப்பிச் சொல்வது, அதாவது ரீட்பேக், இந்தப் பிழையைப் பிடிக்காது. தவறாகக் கேட்டதை மட்டுமே அது பிடிக்கும், தவறாகச் சொன்னதைப் பிடிக்காது. அதைப் பிடிக்க உங்கள் கையில் இரண்டாவது எண் ஒன்று வேண்டும்: புறப்படுமுன் பார்த்த மெட்டார், அல்லது அருகிலுள்ள நிலையத்தின் எண். புதிதாக வரும் எண் அதிலிருந்து 5 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் விலகினால் தயங்காமல் 'மீண்டும் சொல்லுங்கள்' என்று கேட்பது என் வழக்கம்.

வெளிநாட்டில் பயிலும் மாணவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள். 1013க்கு இணை 29.92. ஓர் அங்குலம் ஏறத்தாழ ஆயிரம் அடி, நூறில் ஒரு பங்கு அங்குலம் ஏறத்தாழ பத்து அடி. வானொலியில் முன் இலக்கத்தை விழுங்கி '992' என்று சொல்லும் பழக்கத்துக்குப் பழகியவர், ஹெக்டோபாஸ்கல் வழங்கும் நாட்டில் உண்மையாகவே 992 என்று கேட்டால், கை தானாக 29.92க்குப் போய்விடும். 21 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு. விமானம் ஏறத்தாழ 600 அடி தாழ்வாக இருக்கும். எண்ணைக் கேட்டால் அலகையும் சேர்த்துக் கேளுங்கள், எழுதும்போது அலகையும் சேர்த்து எழுதுங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் அகற்ற வேண்டும். கட்டுப்பாட்டாளரின் ரேடாருக்கு விடைதரும் டிரான்ஸ்பாண்டர் கருவி அனுப்பும் உயரம் நீங்கள் சாளரத்தில் வைத்த எண்ணைச் சார்ந்தது அல்ல; அது எப்போதும் 1013ஐ அடிப்படையாகக் கொண்டே போகிறது, தரையில் உள்ள கணினிதான் தேவையான இடத்தில் அதைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே குமிழைத் திருப்பினால் கட்டுப்பாட்டாளரின் திரையில் எதுவும் மாறாது. தவறான எண்ணோடு பறந்தால் அவர் பார்ப்பது உங்கள் உண்மையான விலகலைத்தான். 'உயரத்தைச் சரிபாருங்கள்' என்று அவர் சொன்னால், முள்ளைப் பார்த்து வாதாடாமல் முதலில் சாளரத்தைப் பாருங்கள்.

வெப்பநிலையைக் கருவிக்குச் சொல்ல எந்தக் குமிழும் இல்லை. குளிர்ந்த காற்று சுருங்குகிறது, அதனால் அழுத்தத் தளங்கள் ஒன்றோடொன்று நெருங்கித் தாழ்கின்றன. தர வளிமண்டலத்தைவிட ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும், நிலையத்துக்கு மேல் உள்ள உயரத்தில் 4 விழுக்காடு தாழ்வு என்று கொள்ளலாம். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி உள்ள கடலோர நிலையத்தில், முள் ஆயிரம் அடி காட்டும்போது உண்மை உயரம் 140 அடி குறைவாக இருக்கும். தமிழ்நாட்டின் வெயிலில் இதற்கு நேர்மாறாக, விமானம் முள் காட்டுவதைவிட மேலே இருக்கும். மலை மோதும் அபாயம் என்ற அளவில் அது நமக்குச் சாதகம்.

ஆனால் அந்த வெயில் வேறோர் இடத்தில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். கோயம்புத்தூரில் க்யூஎன்எச் 1008, வெப்பநிலை 36 டிகிரி என்று கொள்வோம். 1013க்கும் 1008க்கும் உள்ள வேறுபாடு 5. அதை 30ஆல் பெருக்கி எலிவேஷனோடு கூட்டினால் அழுத்த உயரம் 1,450 அடி. நேரடியாக அறிய வேண்டுமானால் தரையில் நிற்கும்போது சாளரத்தில் 1013 வைத்து முள்ளைப் படித்துக்கொண்டு, மறக்காமல் க்யூஎன்எச்சுக்குத் திரும்புங்கள். அந்த உயரத்தில் தர வளிமண்டல வெப்பநிலை 12 டிகிரி, உள்ளதோ 36. கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்தால் 2,880; ஆக அடர்த்தி உயரம் 4,330 அடி. கடல்மட்டத்திலிருந்து 1,300 அடியில் நிற்கும் விமானத்தின் இறக்கையும் எஞ்சினும் சுழலியும் 4,300 அடி உயரத்துக் காற்றில் உழைக்கின்றன. கையேட்டின் ஓட்டத்தூர அட்டவணையைத் திறக்கும்போது இந்த எண்ணோடுதான் திறக்க வேண்டும்.

கடைசியாக, ஸ்டேடிக் போர்ட் என்ற அந்தச் சிறு துளை. நம் ஊரில் இரண்டு நாள் நிறுத்திவைத்த விமானத்தின் துளைகளில் குளவி மண்கூடு கட்டிவிடும். கழுவும்போது ஒட்டிய நாடாவைக் கழற்ற மறப்பதும் உண்டு. 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு போயிங் 757 அத்தகைய நாடாவால்தான் கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 70 பேரும் இறந்தார்கள். வெளிச்சுற்றுப் பரிசோதனையில் துளையைத் தொலைவிலிருந்து பார்த்துத் தலையாட்டாமல், அருகே குனிந்து உள்ளே வெளிச்சம் காட்டிப் பாருங்கள். ஊசியோ குச்சியோ விடாதீர்கள். புறப்பட்டு ஏறும்போது முள் அசையாமல் நின்று, ஏறுவேகமானியும் பூஜ்யத்தில் இருந்தால் துளை அடைபட்டிருக்கிறது. விமானி அறைக்குள்ளிருந்து அழுத்தத்தை எடுக்கும் மாற்று ஸ்டேடிக் வால்வைத் திறங்கள். அறைக்குள் அழுத்தம் சற்றுக் குறைவாக இருப்பதால் முள் அப்போது சிறிது மிகையாகக் காட்டும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இறங்கி ஏப்ரனுக்கு வந்து நின்றதும் சுவிட்சுகளை அணைப்பதற்கு முன் ஒரு முறை முள்ளையும் சாளரத்தையும் பாருங்கள். அப்போதைய க்யூஎன்எச்சில் முள் எலிவேஷனிலிருந்து 60 அடிக்கு மேல் விலகியிருந்தால், புறப்பட்டபோது இருந்த வேறுபாட்டையும் சேர்த்து விமானப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள்; அடுத்து அந்த விமானத்தில் ஏறுபவர் பெரும்பாலும் உங்களைப் போன்ற இன்னொரு மாணவராக இருப்பார்.